ஒன்றுமில்லை

நெலிதாவின் இடது மணிக்கட்டில்
மின்முனையை வைத்து அழுத்தினேன்.
விரல்கள் துள்ளின. திரையில்,
பிப்ரவரியில் உருகுவே ஆறு மாதிரி
அலை எழுந்தது, அடங்கியது. பிசகில்லை.

மூன்று முறை கைதவறி விழுந்திருக்கிறது மாத்தே குடுவை,
கசப்பு இலையெல்லாம் பாவாடையில்.
கக்கத்து ஃபிளாஸ்க் மட்டும் விழவில்லை.
ரத்தம், ஸ்கேன், கழுத்தெலும்பு
எல்லாம் பார்த்தாயிற்று.

டாக்டர் ஒலாசாபால் சொன்னார்:
"ஒன்றுமில்லை."

சிரித்துவிட்டாள்.
"ஏழு மாதமாக எல்லோரிடமும்
நான் சொல்வதும் அதுதான்."

பசையைத் துடைத்துவிடும்போது
டெக்னீஷியன் கேட்கக்கூடாததைக் கேட்டேன்:
இந்தக் கை கடைசியாக ஒழுங்காகச் செய்த வேலை எது?

தம்பி ராமிரோவை விடுதியில் விடும் தாளில்
கையெழுத்துப் போட்டதாம்.
பேனா நன்றாகவே எழுதியதாம்.
வாசல்வரை வந்தவன்
இதே கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லையாம்.
விரல் விரலாக
இவள்தான் பிரித்தெடுத்தாளாம்.

அறிக்கையில் அதற்குக் கட்டமில்லை.
'இயல்பு' என்று குறித்தேன்.

பிறகு சும்மா
அந்தக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.
யாரோ அழுத்திய மாதிரி இருந்தது.
அவளா, நானா,
தெரியாது.
மெஷினை அணைத்திருந்தேன்.