நிறம் பார்க்கிறவள்

காலை ஐந்தேகாலுக்கு
அன்றைய வாசகம் கைபேசியில் வந்துவிடும்.
இரண்டாம் விசிலில் முதல் வாசகம்.
நற்செய்திக்கு வருவதற்குள்
பருப்பு குழைந்திருக்கும்.

மங்கலம் சாலையில் சாயப்பட்டறை.
லேபில் ஷேடு பார்ப்பது என் வேலை.
கறுப்புப் பெட்டிக்குள் இரண்டு துணித் துண்டு.
பகல் விளக்கில் ஒன்றுபோலவே இருக்கும்.
கடை விளக்கைப் போட்டால்
ஒன்று மட்டும் செம்மண்ணாய்த் திரும்பும்.
பதினோரு வருசமாய்
அதைக் கண்டுபிடிக்கத்தான் சம்பளம்.

திருச்சபைக்கும் நிறக் கணக்கு உண்டு.
சாதாரண ஞாயிறுக்குப் பச்சை,
வேதசாட்சிக்குச் சிவப்பு,
தவக்காலம் முழுக்க ஊதா.
சாமியாரின் பூசை உடுப்பைப் பார்த்ததும்
எனக்கு டப்பா நம்பர்தான் முதலில் வரும்.
மன்னிக்கோணும் ஆண்டவரே, தொழில் புத்தி.

நொய்யலுக்கு அந்தக் காலண்டர் தெரியாது.
எந்த ஆர்டரோ அதுதான் அன்றைக்குத் திருநாள்.
பாஸ்கா ஆறாம் வாரம்,
பீடத்தில் வெள்ளை,
பாலத்துக்குக் கீழே ஊதா என்று
பஸ்ஸில் யாரோ சொன்னார்கள்.
நான் ஜன்னல் பக்கம் உட்காரவில்லை.

அந்தத் திங்கட்கிழமை வந்தவள் லீதியா.
சாயத்துணி விற்றவள், நம்ம தொழில்காரி.
ஊர்வாசல் தாண்டி
செபம் பண்ணக் கூடிய பெண்களோடு
உட்கார்ந்திருந்தாளாம்,
ஆற்றங்கரையில்.

ஆற்றங்கரையில்.
விசிலை எண்ண மறந்துபோனேன்.

ஒரு நோட்டு இருக்கிறது.
வெளியேறும் தண்ணீர். நிறம்: இல்லை.
கீழே என் கையெழுத்து.
ராத்திரி இரண்டு மணிக்கு
வால்வைத் திறப்பவன் செங்கோடன்.
காலையில் எழுதுகிறவள் நான்.
அந்தத் தண்ணீரை ஒரு நாளும் பார்த்ததில்லை.
பார்க்காததைப் பொய் என்று எப்படிச் சொல்வது?
இந்த நியாயத்தை நாக்கில் வைத்துக்கொண்டே
நற்கருணை வாங்கியிருக்கிறேன்.

சனிக்கிழமை பாவசங்கீர்த்தனம்.
கோபம், நாத்தனார், தவறிய இரண்டு பூசை,
வழக்கமான பட்டியல்.
பிறகு நோட்டைச் சொன்னேன்.
கம்பித் தட்டிக்கு அந்தப் பக்கம்
மின்விசிறி மட்டும் சுற்றியது.

"எத்தனை தரம்?"
பெருக்கத் தெரியும். பெருக்கவில்லை.
"மன்னிப்பு உண்டுங்க.
ஆனா எடுத்ததைத் திருப்பியும் கொடுக்கோணுமே."
"யாருக்குங்க சாமி?"
என்னைவிடச் சின்னவர்,
போன வருசம்தான் பட்டம் வாங்கினவர்.
அவருக்கும் உடனே பதில் வரவில்லை.
"மொதல்ல போய்ப் பாருங்க" என்றார்.
அபராதத்துக்கு ஒரு அருள்நிறை மந்திரம்கூடச் சொல்லவில்லை.

போனேன்.
செபம் பண்ண உட்காரலாம் என்றால்
நாற்றம் உட்கார விடவில்லை.
சோதனைக் குழாயில் மொண்டு
வெயிலுக்கு நேரே பிடித்தேன்.
வேறு விளக்கு தேவைப்படவில்லை.
அந்த ஊதாவை நான்தான் பாஸ் பண்ணியிருந்தேன்.

இன்று திங்கள்.
நிறம் என்ற கட்டத்தில்
டப்பா நம்பரை எழுதிக்
கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.
ஒன்பதரைக்கு மேனேஜர் நோட்டைக் கேட்பார்.
இப்போது ஒன்பது பத்து.
திங்கட்கிழமைக்குச் சந்தோஷ தேவ இரகசியம்.
விரல் கணக்கிலேயே தொடங்கிவிட்டேன்,
நகக்கண் ஓரம்
இன்னும் போகாத ஊதா.