பதினோரு சுழி

வாட்சோவில் நவம்பர் கடைசி.
இனிமேல் சூரியன் ஜனவரியில்தான்.
பகல் பதினொன்றரைக்கு
வகுப்பு ஜன்னலில் கொஞ்சம் நீலம்,
அதுவும் ஒரு மணிக்குள் வடிந்துவிடும்.

கூரை மூலையில் என் கேமரா.
எட்டாம் வகுப்பின் இருபத்திரண்டு தலைகள்.
இருவருக்கு ஒரு குவளை பனிக்கட்டி,
ஒரு வெப்பமானி, ஒரு சுடுதட்டு.
நிமிடத்துக்கு ஒருமுறை எழுதுங்கள் என்கிறார் ப்யார்னே.
அவருக்குச் சளி.
மூன்றாவது முறையாக மூக்கைச் சிந்துகிறார்.

என் வேலை எளிது.
பத்து நொடிக்கு ஒருமுறை ஒவ்வொரு தலைக்கும் ஓர் எண்.
ஒன்று: பாடத்தில் இருக்கிறது.
இரண்டு: இல்லை.
மூன்று: சொல்லத் தெரியவில்லை.
மூன்றை அதிகம் செலவழிக்காதீர்கள் என்று
கையேட்டில் தடித்த எழுத்தில் இருக்கிறது.

ராவ்ட்னா ஒன்று. ஒன்று. ஒன்று.
நிமிர்ந்த முதுகு, அளவுகோல் வைத்து இழுத்த கட்டம்.
அதே குவளைக்கு எதிரே ஈவர்
ஆறாவது நிமிடத்தில் இரண்டானான்.
பேனாவைப் போட்டுவிட்டு
தாடையை மேசையில் கவிழ்த்துவிட்டான்.
மேலிருந்து பார்க்க
அவன் தலைச்சுழி மட்டும் தெரிகிறது. இரட்டைச் சுழி.
மணியடிக்கும்வரை அசையவில்லை.

மாலையில் நோட்டுகளைப் புரட்டினேன்.
ராவ்ட்னாவின் கட்டத்தில்
சுழி, ஒன்று, மூன்று, நான்கரை என்று
படியேறிப் போகிறது வெப்பம்.
ப்யார்னே சரி போட்டிருக்கிறார்.
ஈவரின் கட்டத்தில் சுழிக்குக் கீழே சுழி,
எண்ணினேன், பதினொன்று.
ஓரத்தில் பென்சிலால்: உடைஞ்சிருக்கா?
அதற்கு யாரும் எதுவும் போடவில்லை.

ஒரே குவளை. ஒரே வெப்பமானி.

“சூடு பண்றோம்ல, ஏறித்தானே ஆகணும்,”
என்றாள் ராவ்ட்னா பேட்டியில்.
“அது ஏறல. நான் ஏத்திவிட்டேன்.”
கள்ளக் கணக்கு எழுதிய முகமே இல்லை,
விழுந்த கோப்பையை எடுத்து வைத்தவளின் முகம்.

ஈவர் மூன்று வாரம் கழித்து வந்தான்,
கையுறையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தான்.
அறிவியல் பிடிக்குமா?
இல்லை.
பெரியவனானதும்?
மாமாவின் நண்டுப் படகு.
அறிவியல் என்னைப் போன்றவர்களுக்கானது:
ஆம், இல்லை, இரண்டுமில்லை?
இரண்டுமில்லை.

நன்றி சொல்லி ஒலிப்பதிவை நிறுத்தக் கை நீட்டினேன்.
“அந்த ஐஸ்,” என்றான்.
“ஏன் நின்னுபோச்சு?”

விதி நான்கு: பேட்டி காண்பவர் பாடம் நடத்தக் கூடாது.
பதிவில் அங்கே ஒன்பது நொடி ஒன்றுமில்லை.
வெளியே பனி வழிக்கும் வண்டி ஒன்று
பின்னால் வரும் ஓசை மட்டும்.
விதிக்குள் எனக்கு மிஞ்சியது ஒரே கேள்வி.
நீ என்ன நினைக்கிறாய்?

“ராத்திரி டெக்குல கயிறு உறைஞ்சு கட்டையா கிடக்கும்.
வெந்நீர் ஊத்துவோம்.
ஊத்த ஊத்த வெந்நீர்தான் சில்லுனு போகும்,
கயிறு சூடாகாது.
சூடெல்லாம் எங்க போகுதுன்னு கேட்டா
கயித்தைப் பிடிடாங்கிறார் மாமா.
ஆனா முடிச்சு விட்டுக்கொடுக்கும்.
முதல்ல அவிழும், அப்புறம்தான் சூடாகும்.
ஐஸும் அந்த மாதிரியா?
அவிழ்ந்துட்டு இருந்துச்சா?”

மேசைக்கடியில் என் கால் ஆடியது.
விதி நான்கு, விதி நான்கு.
“பஸ் போயிடும்,” என்று எழுந்துவிட்டான்.
நாற்காலி கீச்சிட்டதும் பதிவில் இருக்கிறது.

ட்ரொம்சோவிலிருந்து குன்ஹில்ட் போனில்.
அதே வீடியோவை அவளும் எண்ணியிருக்கிறாள்.
ஆறாவது நிமிடத்திலிருந்து ஈவருக்கு
வரிசையாக ஒன்று போட்டிருக்கிறாள்.
“தூங்குகிறான் என்றா நினைத்தாய்?
கண் இமைக்காமல் பாதரசத்தைப் பார்க்கிறான்.”
பாதரசம் இல்லை, சிவப்புச் சாராயம் என்றேன்.
எரிச்சலில் வேறென்ன சொல்ல.
என் கேமராவுக்குக் கண் தெரியாது,
அவளுடையது கரும்பலகைக்குப் பக்கத்தில் இருந்தது.

கட்டம் ஓர் இலக்கம்தான் ஏற்கும்.
அரை மணி நேரம் வாதாடினோம்.
என் காபி ஆறிற்று, ஜன்னல் கறுத்தது.
அட்டவணையில் கர்சர் ஒரே இடத்தில்
விட்டு விட்டு மின்னிக்கொண்டிருக்க,
சரி, நீ சொல் என்கிறாள் குன்ஹில்ட்.
நான் அவன் நோட்டைத் திரும்பத் திறந்து
பதினொன்றுதானா என்று
விரல் வைத்து எண்ணுகிறேன்.