தன்மை ஒருமை

அறிக்கையை எழுதியது நான்தான்.
"கேத்தனூர் ஃபீடரில் பழுது ஏற்பட்டது.
பணியாளர் இடுப்புப் பட்டை அணியாததால்
தவறி விழ நேர்ந்தது.
வலது குதிகாலில் எலும்பு முறிவு காணப்பட்டது."
கையெழுத்து, உதவிப் பொறியாளர், ரப்பர் ஸ்டாம்ப்.
செயற்பொறியாளர் ஒரு காற்புள்ளியைக்கூடத் திருத்தவில்லை.

அன்று சாயங்காலமே பல்லடம் பஸ் ஸ்டாண்டு எதிரில்
நாற்பது ரூபாய்க்கு ஒரு நீள நோட்டு வாங்கினேன்.
மகளுக்கு என்று கடைக்காரரிடம் சொன்னேன்.

முதல் இரவு எழுதியது இவ்வளவு:
ஆடிக் காற்று. மூன்று கம்பங்கள் சாய்ந்தன.
எல்லோருக்கும் அவசரம் இருந்தது.
விபத்து நடந்துவிட்டது.

படித்துப் பார்த்தால்
அந்தப் பக்கத்தில் ஊரே காலி.
காற்று வீசுகிறது, கம்பம் சாய்கிறது,
அவசரம் தானாக வந்து தானாகப் போகிறது.
ஆள் என்று பார்த்தால்
கம்பத்தின் மேல் நாச்சிமுத்து மட்டும்.

மறுநாள் பேனா "நான்" என்று தொடங்கி
அங்கேயே நின்றது,
லைன் கிளியர் கிடைக்காத லைன்மேன் போல.

நான் நான்கு முறை போன் செய்தேன்.
ஐம்பது தறி நிற்கிறது என்று கத்தினேன்.
இன்னுமா ஏறலை என்று கேட்டேன்.
பட்டை மாட்டியாச்சா என்று கேட்க மறந்தேன்.

எழுதிய பிறகுதான் கண்ணில் பட்டது.
கத்தினேன், கேட்டேன், மறந்தேன்:
நான் செய்ததாக எதைச் சொன்னாலும்
அதன் வாலில் ஓர் 'ஏன்' தொங்குகிறது.
எட்டாம் வகுப்பில் விகுதி என்று படித்ததுதான்.
அப்போது அதற்கு ஒரு மதிப்பெண்.
ஏற்பட்டது, நேர்ந்தது, காணப்பட்டது
இவற்றிடம் யாரும் எதுவும் கேட்க முடியாது.
ஆபீசுக்கு அதனால்தான் இவற்றைப் பிடிக்கிறது.

தினமும் எழுதினேன் என்று நினைத்துவிடாதீர்கள்.
ஆவணி முழுக்க வெறும் தாள்.
ஒரு பக்கத்தில் பால் கணக்கு.
இன்னொன்றில் மகள் போட்ட வகுத்தல், மீதி ஏழு.
'ஃபோர்மேன் சென்னியப்பன் மேல் எரிச்சல்' என்று
காரணம் இல்லாமல் ஒற்றை வரி.

ஐப்பசியில், மழைக்கு
எங்கள் வீட்டிலேயே கரண்ட் போன ஒரு ராத்திரி
சார்ஜ் விளக்கில் பின்னாலிருந்து புரட்டினேன்.
கத்திய நாட்கள் ஏழு.
அதில் ஆறு செவ்வாய்.

செவ்வாய் பத்தரைக்குத் திருப்பூரில் ஆய்வுக் கூட்டம்.
அங்கே என்மேல் ஏறுவது
இறங்கி இறங்கிக் கம்பத்தடிக்கு வந்து சேர மதியம் ஆகும்.
நாச்சிமுத்து விழுந்தது இரண்டே காலுக்கு.
என்ன கிழமை என்று
காலண்டரைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

பதினோராயிரம் வோல்ட்டை
யாரும் வீட்டுக்குள் அப்படியே விடுவதில்லை,
நடுவில் டிரான்ஸ்பார்மர்.
கூட்டத்துக்கும் கம்பத்துக்கும் நடுவில்
அந்த வேலைக்குத்தான் எனக்குச் சம்பளம்.
இது தெரிய ஒன்பது வருஷ சர்வீஸ் போதவில்லை,
நாற்பது ரூபாய் தேவைப்பட்டது.

இப்போது செவ்வாய்களில்
மூன்று மணிவரை லைனுக்குப் போன் போடுவதில்லை.
தறிக்காரர்கள் திட்டுகிறார்கள்.
"அந்தம்மா போனே பேசறதில்லைங்" என்று
மேலிடத்துக்கும் சொல்லிவிட்டார்கள்.
அதையும் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன்.

தையில் நாச்சிமுத்து வேலைக்குத் திரும்பினார்.
இனிக் கம்பம் ஏற முடியாது.
ஸ்டோரில் இன்சுலேட்டர் எண்ணுகிறார்.
என் அறிக்கையின்படி
அவருக்கு ஒரு இன்கிரிமென்ட் நின்றிருக்கிறது.

நோட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனேன்.
"அன்னைக்கு நாந்தான் அவசரப்படுத்திட்டேன்" என்றேன்.
"அதுக்கென்னுங் மேடம், காத்து அப்பிடி அடிச்சுதுங்" என்றார்,
முப்பத்தி நாலில் விட்ட எண்ணிக்கையை
முப்பத்தி அஞ்சு என்று தொடர்ந்தபடி.
அறிக்கையைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன்.
போன் அடித்தது.
எடுத்தேன்.

இன்று நோட்டில் ஒரே வரி:
பாதிதான் சொன்னேன்.