படர்ரோஜா

சாட்ஸ்வொர்த்தில் என் வீட்டுப் பின்சரிவு
கட்டில் அகலம்தான்.
புல் வெட்ட ஆளில்லை, எனக்கு இரவுப்பணி.
நர்சரிக்காரர் தொட்டியை நீட்டினார்:
"இதைக் கவனிக்கவே வேண்டாம், சிஸ்டர்."

கவனிக்கவில்லை.
குழாய் வறண்ட வாரங்களில்
அரிசி களைந்த தண்ணீர்,
அதுவும் நினைவிருந்த நாளில்.

அது எழும்பவில்லை.
வயிற்றால் நகர்ந்தது,
மழைக்குச் சரியும் மண்ணை
முள்ளால் தைத்துக்கொண்டு.

மொட்டெல்லாம் குரங்குகளுக்கு.
பக்கத்து வீட்டுத் தவனேசன் மூட்லி
வேலிக்கு மேலாகக் கத்தியிருக்கிறார்;
நான் பகல் தூக்கத்தில்.

இன்று காலை
சீருடையோடு குந்தி
ஒரு கிளையைப் புரட்டினேன்.
குரங்குக் கை நுழையாத அடியில்
சட்டைப் பொத்தான் அளவில் ஏழு பூ.

முள் குத்தியது.
ஊசி போட்டதும் வார்டில் சொல்வதை
எனக்கே சொல்லிக்கொண்டேன்:
அவ்வளவுதான்,
முடிஞ்சிருச்சு.