எழுபது சொச்சம் நாள்

இரண்டாவதும் தங்காமல் போனபோது
ராயபுரம் ஆஸ்பத்திரியில்
குணசுந்தரியைத்தான் கேட்டார்கள்.
நேரத்துக்குச் சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா,
குடம் தூக்கினாயா.
நான் வெளியே, பைக் நிறுத்திய இடத்தில்
கூல் லிப்பை உதட்டுக்கடியில் அதக்கிக்கொண்டு நின்றேன்.

அவளுக்குச் சூட்டு உடம்பு என்றாள் சித்தி.
மாதுளை வாங்கிப் போட்டேன், பேரீச்சை வாங்கிப் போட்டேன்,
எல்லாம் அவளுக்கு.
எனக்கு எண்ணூர் விரைவுச் சாலையில்
டிரெய்லர் வரிசை.
முன்னால் நாற்பது வண்டி, பின்னால் எத்தனையோ.
நகராத ராத்திரிகளில் பரோட்டா, சால்னா,
பேப்பரில் எண்ணெய் பூத்த போண்டா,
விடிந்தால் டீயும் பீடியும்,
ஞாயிறு ஒரு குவார்ட்டர்.

மறு செக்கப்பில் ஒரு சின்ன டாக்டர்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு
"அவரையும் உள்ள கூப்பிடுங்க" என்றாள்.
முதல்முறையாக எனக்கொரு ஸ்டூல்.
என்ன சாப்பிடுறீங்க என்றாள்.
சொன்னேன். கடைக்காரர் பில் போடுவதுபோல்
ஒவ்வொன்றாக எழுதினாள்.
"விந்தணு உருவாகி முதிர எழுபது நாளுக்கு மேல ஆகும்.
அந்த நாள்ல தின்னது, குடிச்சது, ஊதுனது
அதுலயும் கொஞ்சம் ஒட்டியிருக்கும்.
நஞ்சுக்கொடி வளர்றதுல அப்பா பங்கும் உண்டு.
இதுதான் காரணம்னு சொல்ல வரல.
இதுவும் இருக்கலாம்."

குணா என்னைப் பார்க்கவில்லை.
முந்தானையில் ஒரு நூலை இழுத்துக்கொண்டிருந்தாள்.
வந்துகொண்டே இருந்தது நூல்.

துறைமுகத்தில் இது பழைய சண்டை.
பெட்டியைத் திறந்தால் சரக்கு நனைந்திருக்கும்.
இறக்கிய இடத்தைத்தான் பிடிப்பார்கள்,
உன் யார்டு சரியில்லை, உன் ஆள் சரியில்லை.
சீல் உடையாமல் வந்த பெட்டி சார்,
ஏத்துன எடத்தக் கேளுங்க!
பதினோரு வருஷமாக கேட் கிளார்க்கிடம்
கத்திவருகிறேன் இதை.
சித்தியிடம் ஒருநாளும் கத்தியதில்லை.

இப்போது வண்டியில் ஒரு தூக்கு.
நானே கட்டுவது.
காலடிப்பேட்டை முருங்கைக்கீரை, அவித்த முட்டை,
காசிமேட்டில் கூறாக வாங்கிய காரப்பொடிக் குழம்பு.
மூடியைத் திறந்தால்
பின்வண்டி எத்திராஜ் எட்டிப் பார்க்கிறார்.
"இன்னா டில்லி, முழுவாம கீறியா?"
"ஆமாண்ணே. நாப்பத்தோராவது நாளு."
சிரித்தார். நானும்.
மணலிப் பக்கமிருந்து காற்று திரும்பியது,
இருவரும் மூக்கைப் பொத்திக்கொண்டோம்.
காற்றை என்ன செய்வதென்று
டாக்டர் சொல்லவில்லை.

நாற்பத்தாறாம் நாள்
மச்சான் நிச்சயதார்த்தத்தில் கையில் கிளாஸைத் திணித்தார்கள்.
குடித்தேன்.
யாரும் அழுத்திப் பிடித்து ஊற்றவில்லை, குடித்தேன்.

காலையில் எழுந்தபோது
கேஸ் கம்பெனி காலண்டரில் என் கணக்கை
அடித்துவிட்டு
ஒன்று என்று எழுதியிருந்தாள்.
திட்டவில்லை.
மாதுளையைப் பிளந்து
பெரிய பாதியை என் பக்கம் தள்ளினாள்.
தின்று முடிக்கும்வரை
எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.