மெலிஞ்சிட்டாய்

எங்கள் குசினித் தராசு
பூச்சியத்துக்கு வர ஒரு நொடி எடுக்கும்.
அந்த நொடியில் சருஜன் மூச்சு விடுவதில்லை.

கோழி நெஞ்சு நூற்றெழுபது கிராம்.
சோறு தொண்ணூறு.
ஒரு பருக்கை கூடினால்
விரல் நுனியால் ஒற்றி எடுத்துத்
தொட்டிக்குள் போடுவான்.
வாயில் போடமாட்டான்.

ஹமில்டனில், எமர்சன் தெருவில்,
ஐந்து பேர் வாடகைக்கு இருக்கிற வீடு.
பிரிட்ஜில் இரண்டாவது தட்டு அவனுடையது:
முட்டை வெள்ளை, ஒரே அளவுப் பெட்டிகள்,
மூடிகளில் கிழமைகள்.
வெள்ளிக்கிழமையைத் திங்களே சமைத்துவிடுகிறவன்.

உடற்கூற்றியல் வகுப்பில் எனக்குப் பக்கத்து இருக்கை.
எந்தத் தசை எந்த எலும்பில் தொடங்கி எதில் முடிகிறதென்று
அவனைப்போல ஒப்புவிக்க ஆளில்லை.
அதே தசை தன் தோளிலும் இருக்கிறதென்றால் மட்டும்
நம்பமாட்டான்.

காலை ஐந்து மணிக்குச் செடோக் இரும்புப் படிகளில்
ஏழு தரம் ஏறி இறங்குவான்.
முழங்கால் வீங்கிய கிழமையும் ஏறினான்.
"ஒருநாள் விட்டால் என்ன?"
"விட்டால் போயிடும்" என்றான்,
பஸ்ஸைச் சொல்வதுபோல.

ஞாயிறு இரவில் பிரம்டனிலிருந்து அவன் அம்மா.
திரையில் முகம் முழுதாக வருமுன்பே
"ஐயோ, மெலிஞ்சிட்டாய்" என்பா.
எங்கள் ஆட்களுக்கு அது வணக்கம் மாதிரி.
என் அம்மாவும் சொல்வா;
நான் தொப்பையைத் தட்டிச் சிரிப்பேன்.
அவ பாவம்.
பாசத்துக்கு வேறு சொல் அவவிடம் இல்லை.
தொண்ணூற்றாறு கிலோ மனிதன்
திரையின் மூலையில் தெரியும் தன் சின்னச் சதுரத்தையே
பார்த்துக்கொண்டிருப்பான்.
அழைப்பு முடிந்தால்
பேஸ்மெண்டில் இரும்பில் இரும்பு மோதும்,
நள்ளிரவு தாண்டியும்.

நவம்பரில் எனக்கு இரசாயனப் பரீட்சை.
விடியாத இருட்டு, பதற்றம்,
கொக்கியில் கிடந்த ஜாக்கெட்டை மாறி எடுத்துக்கொண்டு ஓடினேன்.
பஸ் தரிப்பில்தான் தெரிந்தது:
கை விரல்களைத் தாண்டித் தொங்கியது,
தோள் இரண்டு பக்கமும் வழிந்தது.
உள்ளே இன்னொருவர் வந்து நின்றாலும்
மழைக்கு ஒதுங்கலாம்.

பையில் நாலாக மடித்த காகிதம்.
புயம் நாற்பத்திரண்டு. நாற்பத்திரண்டு.
நாற்பத்தொன்றரை, அதில் பேனை அழுத்திக்
கடதாசி கிழிந்திருந்தது.
எண்ணே இல்லாத ஒரு வரி, கடைசியில்:
"ஜெனிட்டாவின் பிறந்தநாள். கேக் ஒரு துண்டு. ஏன்?"

அன்றிரவு மெழுகுதிரி ஊதிய கையோடு
கொட்டும் மழையில் அவன் எங்கே போனானென்று
எங்களில் ஒருவரும் கேட்கவில்லை.
கேக் நல்லாயிருந்தது.
மிச்சத்தை நான்தான் சாப்பிட்டேன்.

பின்னேரம் வீட்டுக்கு வந்தேன்.
ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று சட்டை போட்டபடி
கதவடியில் நின்றான்.
நாள் முழுக்க வகுப்புக்குப் போகவில்லை.
அந்த ஜாக்கெட் இல்லாமல் வெளிக்கிட்டால்
ஆட்களுக்குத் தெரிந்துவிடுமாம்
அவன் எவ்வளவு சின்ன ஆளென்று.

நான் உடனே கழற்றவில்லை.
வெருளிபோல் இரண்டு கையையும் விரித்து நின்றேன்.
கைகளின் வெறும் நுனி காற்றில் ஆடியது.
"பார் மச்சான், வடிவாப் பார்" என்றேன்.

பார்த்தான்.
கனநேரம் பார்த்தான்.
பிறகு, மெய்யான கவலையோடு,
"உனக்கு இறுக்கினதா?" என்று கேட்டான்.