அது வந்து

பணகுடிக்கு மேற்கே நாற்பத்தேழாம் காத்தாடியின் அடியில்,
ஆனி மாதத்து மண் பறக்கும் மதியம்,
சோற்றில் தூசி விழாமல் டப்பா மூடியைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு
டச்சு படிக்கிறேன்.

இன்றைய பாடம் ஒரே ஒரு சொல்.
எழுதினால் நாலு எழுத்து, சொன்னால் ‘வந்த்’.
ஏனென்றால் என்று பொருளாம்.
சிரித்ததில் பருக்கை மூக்கில் ஏறிவிட்டது.

ஏன் லேட்டு என்று சூப்பர்வைசர் கேட்டால்
நான் சொல்வதும் இதுதானே, அது வந்து…
ஏன் இன்னும் கல்யாணம் ஆகலை என்று
வள்ளியூர் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி கேட்டாலும்
அது வந்து…
ஏட்டி, பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு எண்பது மீட்டர் ஏணி?
அது வந்து.
முப்பத்தொரு வருஷமாகத்
தெரியாமலே டச்சு பேசியிருக்கிறேன்.

ஆனால் செல்போனில் பாடம் நடத்தும் குரல் கறார்.
வந்த் என்று வாக்கியத்தைத் தொடங்கக் கூடாது.
முதலில் விஷயத்தைச் சொல்.
ஒரு காற்புள்ளி வை.
அப்புறம்தான் வந்த்,
அதற்கும் அப்புறம் காரணம்.

கிரீஸ் பட்ட விரலால்
பழுதுப் பதிவேட்டின் பின்னட்டையில் எழுதிப் பழகுகிறேன்,
பாதி அவர்கள் மொழி, பாதி என்னுடையது:

காத்தாடி நிக்குது, வந்த் காத்து இல்லை.
காத்தாடி நிக்குது, வந்த் காத்து கூடிப்போச்சு.
துவையல் தீர்ந்தது, வந்த் முத்துப்பேச்சி எடுத்துக்கிட்டா.
இக் கோம் நீட், வந்த் இக் பென் ஸீக்.

கடைசி மட்டும் முழுக்க அவர்களுடையது.
நான் வரவில்லை, எனக்கு உடம்புக்கு முடியலை.
பச்சைப் பொய். எனக்கு ஒன்றுமில்லை.
இலக்கணம் சரி என்று திரையிலும் பச்சைதான் எரிந்தது.

பதிவேட்டைத் திருப்பினால்
பத்து வருஷமாக எல்லாரும் இப்படித்தான் எழுதியிருக்கிறார்கள்.
எந்திர எண், நின்ற நேரம், கடைசிக் கட்டத்தில் காரணம்.
கியர் எண்ணெய் குறைவு. இடி. மின்வாரியம்.
ஒரே ஒரு முறை, மயில்.

மூன்று மணிக்கு இன்னொரு சொல் வந்தது: ஓம்டாட்.
அதற்கும் ஏனென்றால்தான்.
ஆனால் அதைக் கண்டதும் வினைச்சொல்
எழுந்து போய்க் கடைசியில் உட்கார்ந்துகொள்கிறது.
ஓம்டாட் இக் ஸீக் பென்.
ஏ, இது நம்ம ஆளுல்லா!
எல்லாரும் ஏறி முடியட்டும் என்று
பின்சீட்டில் காத்திருக்கும் வினைச்சொல்
எங்கள் வீட்டிலும் உண்டு.

நேர்காணலில் ஏன் என்று கேட்டால்
இதைக் கொண்டுதான் தொடங்க வேண்டுமாம்.
எங்கள் கடலுக்குள் நிற்கிற காத்தாடிக்கு
ஏன் நீ?
ஓம்டாட்… உயரம்… எனக்கு…
வினைச்சொல்லுக்குப் போய்ச் சேர்வதற்குள்
எண்பது மீட்டர் ஏறிய மாதிரி மூச்சு வாங்கியது.

ஐந்து மணிக்கு இறங்கி,
இடுப்புக் கொக்கியைக்கூடக் கழற்றாமல்
களக்காட்டில் இருக்கும் அண்ணனுக்குப் போன் போட்டேன்.
நான் எப்படித் தொடங்குவேன் என்று அவனுக்குத் தெரியும்.
இந்த முறை விஷயத்தை முன்னால் வைத்தேன்.

“தையில் நான் ஹாலந்து போறேன்.”

காற்புள்ளி.
அதற்கு அந்தப் பக்கம் ஒன்றும் வைக்கவில்லை.
தலைக்கு மேல் மூன்று இறக்கைகளும்
ஒன்றன்பின் ஒன்றாகக் காற்றை அறுத்துப் போயின.
எதிர்முனையில் ஆட்டோ ஹாரன்,
டீ ஆற்றும் சத்தம்,
அவன் தொண்டையைச் செருமுவது.

“தையிலயா? அதுக்குள்ள நீ ஒரு கையெழுத்துப் போடணுமே, கனி.”
“எதுக்கு?”
“அது வந்து…
நம்ம ராதாபுரத்துக் காடு, அதுல உம் பங்கு…”

“அண்ணே,” என்றேன்,
“வந்த்-ன்னு வாக்கியம் ஆரம்பிக்கக் கூடாது.
நீ என்ன செஞ்சேன்னு மொதல்ல சொல்லு.”